உளவியல் ஆய்வுக்கு உயர்நிலைப் புள்ளியியல்: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

எம்.எஸ்சி. உளவியல் ப்ராஜெக்ட் கட்டத்தில் இருப்பவர்களும், பிஎச்.டி.க்குப் பதிவு செய்துவிட்டு அடுத்து என்ன என்று விழிப்பவர்களும் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வருபவை இவை. எம்.ஃபில். இருந்தவரை தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. 2022-இல் யுஜிசி அதை நிறுத்திய பிறகு, கோர்ஸ்வொர்க்கில் ஒரு தாளோடு புள்ளியியல் பாடம் முடிந்துவிடுகிறது. மீதியை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டி-டெஸ்ட், அனோவா, கை-ஸ்கொயர் வரை படித்திருக்கிறேன். மேற்கொண்டு எங்கே தொடங்குவது?

ரிக்ரஷனில், அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை மதிப்பிடும் சமன்பாட்டில். "அதுதான் தெரியுமே" என்று தாண்டிவிடாதீர்கள். டி-டெஸ்ட்டும் அனோவாவும் ரிக்ரஷனின் சிறப்பு வடிவங்கள்தான் என்பதைக் கையால் செய்து பார்த்தவர்கள் குறைவு.

ஆலோசனை பெறாதவர்களுக்கு 0, பெற்றவர்களுக்கு 1 என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தியில் அவர்களுடைய மனச்சோர்வு மதிப்பெண். முதல் குழுவின் சராசரி 12.4, இரண்டாவதன் சராசரி 9.1 என்று வையுங்கள். ரிக்ரஷன் ஓட்டினால் மாறிலி 12.4 என்று வரும், சாய்வு −3.3 என்று வரும். அதாவது முதல் குழுவின் சராசரியும் இரண்டு குழுக்களின் வித்தியாசமும். டி மதிப்பு, பி மதிப்பு இரண்டும் பழைய டி-டெஸ்ட்டில் வந்தவையேதான். மூன்று குழு என்றால் இப்படி 0-1 பத்திகள் இரண்டு. அனோவாவின் அதே எஃப் மதிப்பு வந்து நிற்கும்.

இது பிடிபட்டால் மற்ற பெயர்களெல்லாம் பயமுறுத்தாது. விடை ஆம்/இல்லை என்றிருந்தால் லாஜிஸ்டிக். ஆட்கள் வகுப்பு வகுப்பாக, மருத்துவமனை மருத்துவமனையாக அமைந்திருந்தால் மல்டிலெவல். நேரே அளக்க முடியாத ஒன்றைப் பல கேள்விகள் வழியாகப் பிடிக்கப் பார்த்தால் காரணி ஆய்வு, அங்கிருந்து, அப்படிப்பட்ட பல சமன்பாடுகளைச் சேர்த்துப் பார்க்கும் எஸ்.இ.எம். எல்லாம் ஒரே சமன்பாட்டின் கிளைகள். எந்தக் கிளைக்குப் போவது என்பதை உங்கள் டேட்டா எப்படி உருவானது என்பதுதான் தீர்மானிக்கும். "எந்த டெஸ்ட் போட வேண்டும்" என்ற கேள்விக்கு விடை கேள்வித்தாளை அச்சடிக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியது. டேட்டா கையில் வந்தபின் அதைக் கேட்பவர்களுக்கு நல்ல விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். நிரூபணங்கள் உங்களுக்குத் தேவையில்லை. எளிய இயற்கணிதம், மடக்கை என்றால் என்ன என்ற தெளிவு, வரிசையும் பத்தியுமாக எண்களை அடுக்கினால் அது ஓர் அணி என்கிற அளவு போதும். அதைவிட உபயோகமான வழி ஒன்று உண்டு: கணினியில் போலி டேட்டா உருவாக்கிப் பார்ப்பது.

ஆர் மென்பொருளில் நாலைந்து வரிதான். சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு கூட்டங்களிலிருந்து தலா 30 பேரை எடுத்து டி-டெஸ்ட் போடச் சொல்லுங்கள். அதையே 10,000 முறை செய்யச் சொல்லுங்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் சுமார் 500 முறை பி மதிப்பு 0.05-க்குக் கீழே ('சிக்னிஃபிகன்ட்' என்று வழக்கமாகக் கொள்ளும் எல்லை) வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். இப்போது நிஜமாகவே அரைத் திட்ட விலக்க அளவு வித்தியாசம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். பாதிக்கும் சற்றுக் குறைவான முறைதான் அது கண்டுபிடிக்கப்படும். அங்கேயும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தலா 30 பேர் இருக்கும்போது, சாம்பிளில் தெரியும் வித்தியாசம் சுமார் 0.52 திட்ட விலக்கத்தைத் தாண்டினால்தான் முடிவு 'சிக்னிஃபிகன்ட்' ஆகும். உண்மையான வித்தியாசமோ 0.5. ஆக, வெற்றி என்று பத்திரிகைக்குப் போகும் ஒவ்வொரு முடிவும் உண்மையைவிடப் பெரிதாகவே காட்டும். சிறு சாம்பிள் ஆய்வுகள் அடித்துச் சொல்லும் பெரிய விளைவுகள் பிறகு ஏன் சுருங்கிப் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எஸ்பிஎஸ்எஸ்ஸா, ஆரா?

டிபார்ட்மென்ட்டில் எல்லாரும் எஸ்பிஎஸ்எஸ்தான், கைடுக்கும் அதுதான் தெரியும் என்றால் அதிலேயே தொடங்குங்கள். 1968-இல் சமூக அறிவியலாளர்களுக்கென்றே எழுதப்பட்டது. 2009 முதல் ஐபிஎம் கையில் இருக்கிறது. வழக்கமான அனோவா, ரிக்ரஷன் வரை அதில் ஒரு குறையுமில்லை. ஒன்றே ஒன்று: மெனுவில் தேர்ந்தெடுத்தபின் 'ஓகே' அழுத்தாமல் 'பேஸ்ட்' அழுத்துங்கள். நீங்கள் செய்தது கட்டளை வரிகளாக ஒரு கோப்பில் சேரும். ஆறு மாதம் கழித்து "அந்த 14 பேரை ஏன் நீக்கினீர்கள்" என்று தேர்வாளர் கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

மல்டிலெவல், எஸ்.இ.எம். பக்கம் போகிறவர்கள் ஆருக்கு மாறுவது நல்லது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990-களில் தொடங்கியது இது. முற்றிலும் இலவசம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவ் ரோசீல் எழுதிய 'லாவான்' என்ற தொகுப்பு எஸ்.இ.எம்.முக்கும், 'எல்எம்இ4' மல்டிலெவலுக்கும் போதும். கட்டளை எழுத முதல் சில வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு 'ஜாஸ்ப்', 'ஜமோவி' இரண்டும் உண்டு. இலவசம், மெனு வழியாகவே ஓடும். ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. திருட்டு எஸ்பிஎஸ்எஸ்ஸைப் பென்டிரைவில் சுமந்து திரிய இனி ஒரு காரணமும் இல்லை.

சாம்பிள் 384 போதும் என்று கைடு சொல்கிறார். சரியா?

இந்த 384 நம் ஊர் ஆய்வேடுகளில் தங்கிப்போன எண். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. ஒரு பெரிய மக்கள்தொகையில் இத்தனை சதவீதம் பேர் இப்படி என்று, ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக மதிப்பிட எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான கணக்கு அது. அதுவும் குலுக்கல் முறையில் எடுத்த சாம்பிளுக்கு. நீங்கள் செய்வது கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, இரண்டு மாறிகளுக்கு இடையே உறவு உண்டா என்று பார்ப்பது. அந்த அட்டவணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தேவை பவர் கணக்கு: உண்மையில் இருக்கும் வித்தியாசமோ உறவோ உங்கள் ஆய்வில் கண்டுபிடிக்கப்பட எத்தனை பேர் வேண்டும் என்பது. டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஜி-பவர்' மென்பொருளில் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். 0.05 மட்டத்தில், இருமுனைச் சோதனையாக, 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமென்றால்: அரைத் திட்ட விலக்க வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 64 பேர். அது 0.2 திட்ட விலக்கம்தான் என்றால் குழுவுக்கு 394 பேர். ஒட்டுறவு 0.2 எனில் இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவு, 0.1 எனில் ஏறக்குறைய 780.

இன்டராக்‌ஷன் கருதுகோள் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "பெண்களிடம் இந்தப் பயிற்சி வேலை செய்யும், ஆண்களிடம் செய்யாது" என்று எழுதுவது சுலபம். பெண்களை மட்டும் வைத்துச் செய்தால் 128 பேர் போதும் என்ற அளவு விளைவு என்று கொள்வோம். இருபாலருக்கும் இடையிலான அந்த வேறுபாட்டை அதே உறுதியோடு காட்ட மொத்தம் சுமார் 512 பேர் வேண்டும், நான்கு மடங்கு. சினாப்சிஸில் மூன்று இன்டராக்‌ஷன் எழுதிவிட்டு 120 பேரோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பள்ளிகளில் 1,000 மாணவர்களிடம் டேட்டா எடுத்தேன். மல்டிலெவல் தேவையா?

25 வகுப்புகளில் தலா 40 பேர் என்றுதானே எடுத்திருப்பீர்கள்? அப்படியானால் தேவை. ஒரே வகுப்பு என்றால் ஒரே ஆசிரியர், ஒரே பரீட்சை நெருக்கடி, பெரும்பாலும் ஒரே பகுதிக் குடும்பங்கள். அவர்கள் பதில்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது ஒத்துப்போகும். அந்த ஒப்புமையை அளப்பது ஐ.சி.சி. அது வெறும் 0.1 என்றே வையுங்கள். வகுப்பின் அளவில் ஒன்றைக் கழித்து, ஐ.சி.சி.யால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 39 × 0.1 + 1 = 4.9. ஆயிரத்தை 4.9-ஆல் வகுத்தால் 204. வகுப்பு மட்டத்தில் மாறும் ஒன்றை, உதாரணமாக ஆசிரியரின் அணுகுமுறையை, நீங்கள் ஆராய்கிறீர்கள் என்றால் உங்களிடம் இருப்பது உண்மையில் 204 பேரின் தகவல்தான். சாதாரண ரிக்ரஷன் ஆயிரம் பேர் இருப்பதாக நம்பிக்கொண்டு பி மதிப்புகளைத் தாராளமாக வாரி வழங்கும்.

மாணவர் எண்ணிக்கையை ஏற்றுவதைவிட வகுப்பு எண்ணிக்கையை ஏற்றுவதே லாபம். 8 பள்ளியை வைத்துக்கொண்டு பள்ளி அளவிலான விளைவு பேச வராதீர்கள்.

சோதனைக்கூட ஆய்வுக்காரர்களுக்கும் இது பொருந்தும். 40 சொற்களைக் காட்டி எதிர்வினை நேரம் அளந்தால், ஆட்கள் மட்டுமல்ல, அந்தச் சொற்களும் ஒரு சாம்பிள்தான். ஹெர்பர்ட் கிளார்க் 1973-இலேயே இதை எழுதிவிட்டார். கண்டுகொள்ளப் பலருக்கும் பல பத்தாண்டு ஆனது.

ஆல்ஃபா 0.41 வருகிறது. ஸ்கேலையே மாற்றிவிடலாமா?

ஆல்ஃபா என்பது ஒரு ஸ்கேலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. முதலில் எதிர்மறைக் கேள்விகளைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். ஐந்து புள்ளி அளவென்றால் ஆறிலிருந்து கழிக்க வேண்டும். இப்படி வரும் கேள்விகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

திருப்பியும் குறைவாகவே இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவற்றோடு உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். குரோன்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபாவை ஸ்கேல் ஒரே விஷயத்தைத்தான் அளக்கிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே அது ஏறிவிடும். அதே வேலைக்கான இன்னோர் அளவான ஒமேகாவையும் சேர்த்துக் கொடுங்கள். ஜாஸ்ப், ஜமோவி இரண்டிலும் ஒரு டிக் அடித்தால் வந்துவிடும்.

ஆங்கில ஸ்கேலைத் தமிழாக்கிப் பயன்படுத்துகிறேன். பேக்-டிரான்ஸ்லேஷன் செய்துவிட்டேன். போதாதா?

போதாது. தமிழாக்கத்தை மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடும் பேக்-டிரான்ஸ்லேஷன் வாசகத்தைச் சரிபார்க்கிறது. அளவை ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்பதை அது காட்டாது. ரோசன்பெர்க்கின் 1965 சுயமதிப்பு ஸ்கேலையே எடுங்கள். பத்துக் கேள்வி, ஐந்து நேர், ஐந்து எதிர்மறை. பல நாடுகளில் காரணி ஆய்வு செய்தபோது எதிர்மறைக் கேள்விகள் தனிக் காரணியாக ஒதுங்கி நின்றிருக்கின்றன. "என்னிடம் எதுவும் இல்லை" என்ற வகை வாக்கியத்துக்கு "உடன்படவில்லை" என்று டிக் அடிப்பது யாரையும் ஒரு நொடி குழப்பும். அந்தக் குழப்பமும் மதிப்பெண்ணில் ஏறிக்கொள்கிறது.

தமிழில் நிரப்பியவர்களையும் ஆங்கிலத்தில் நிரப்பியவர்களையும், அல்லது ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அளவீட்டுச் சமநிலை பார்க்க வேண்டும். முதலில் இரு குழுவிலும் கேள்விகள் அதே காரணிகளாகக் கூடுகின்றனவா. அடுத்து கேள்விகளின் சுமைகள் (காரணியோடு ஒவ்வொன்றுக்கும் உள்ள உறவின் அளவு) சமமா. பிறகு வெட்டுப்புள்ளிகள் (காரணி பூஜ்யமாக இருக்கும்போது கேள்விக்கு வரும் மதிப்பெண்) சமமா. ஒவ்வொரு படியிலும், மாதிரி டேட்டாவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் சரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். மூன்றாவது படி தேறினால்தான் சராசரிகளை ஒப்பிட உரிமை உண்டு. அது தேறாத இடத்தில் போடும் டி-டெஸ்ட், மனிதர்களின் வித்தியாசத்தைச் சொல்கிறதா, கேள்வித்தாளின் வித்தியாசத்தைச் சொல்கிறதா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், ஒரு முழு பிஎச்.டி.யை இதன்மீதே செய்யலாம். எஸ்.இ.எம். படம் வரைவதைவிட நாட்டுக்கு உபயோகம்.

இ.எஃப்.ஏ., சி.எஃப்.ஏ. இரண்டையும் ஒரே டேட்டாவில் செய்யலாமா?

இ.எஃப்.ஏ. காரணி அமைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது, சி.எஃப்.ஏ. முன்பே சொன்ன அமைப்பைச் சோதிப்பது. ஒரே டேட்டாவில் செய்தால் இரண்டாவது எதையும் உறுதிப்படுத்தாது. டேட்டாவில் பார்த்த அமைப்பு அதே டேட்டாவில் இருக்கிறது என்று சொன்னதாகும். பெரிய சாம்பிளை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது புதிதாக எடுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் தானாகத் தரும் அமைப்பை அப்படியே விடாதீர்கள். அது கொடுப்பது முதன்மைக் கூறு ஆய்வு, ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் மாறுபாட்டின் அளவு) ஒன்றுக்கு மேல் என்ற விதி. அந்த விதி தேவைக்கு அதிகமான காரணிகளைக் காட்டும் என்பது பழைய செய்தி. அதற்குப் பதில், தற்செயல் டேட்டாவோடு ஒப்பிட்டுக் காரணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும், ஹார்ன் 1965-இல் சொன்ன பேரலல் அனாலிசிஸ் இருக்கிறது. உளவியலில் காரணிகள் ஒன்றோடொன்று உறவில்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால் காரணிகளை உறவற்றவையாகவே வைக்கும் வேரிமேக்ஸைவிட உறவை அனுமதிக்கும் ஆப்லிமின் பொருத்தம்.

பொருத்தக் குறியீடுகளுக்கு ஹூ, பென்ட்லர் 1999-இல் சொன்ன சிஎஃப்ஐ 0.95, ஆர்எம்எஸ்இஏ 0.06, எஸ்ஆர்எம்ஆர் 0.08 ஆகியவை வழிகாட்டிகள். அவற்றைத் தொடுவதற்காக எதைச் சேர்த்தால் பொருத்தம் கூடும் என்று காட்டும் மாடிஃபிகேஷன் இன்டெக்ஸ் சொன்னபடியெல்லாம் பிழைகளை இணைத்து வளைகோடு போட்டுக்கொண்டே போவது ஏமாற்று.

மீடியேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார் கைடு. எப்படி?

ஒன்று இன்னொன்றின் வழியாக மூன்றாவதைப் பாதிக்கிறதா என்று பார்ப்பதுதான் மீடியேஷன். பேரன், கென்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்ன நான்கு படி முறை இன்னும் பல டிபார்ட்மென்ட்டுகளில் வேதவாக்கு. இன்றைய வழக்கம் நேரடியானது. மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கக் கேடு கவனத்தைக் கெடுக்கிறது என்பது உங்கள் கருதுகோள் எனில், முதல் பாதை 0.40, இரண்டாவது 0.30 என்றால் மறைமுக விளைவு 0.12. பூட்ஸ்ட்ராப் முறையில் 5,000 முறை மறுசாம்பிள் எடுத்து அந்த 0.12-க்கு நம்பக எல்லை கண்டு, அதில் பூஜ்யம் விழுகிறதா என்று பார்ப்பீர்கள். 'முழு', 'பகுதி' என்று பிரிப்பதை விட்டுவிடலாம்.

கணக்கு இவ்வளவுதான். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. அதே மூன்று பத்திகளை எடுத்து அம்புகளைத் திருப்பிப் போடுங்கள்: கவனம் சிதறுவதால் தூக்கம் கெடுகிறது, அதனால் அழுத்தம். அந்த மாதிரியிலும் மறைமுக விளைவு 'சிக்னிஃபிகன்ட்' ஆக வர நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று மாறிக்கு இடையே எல்லா அம்பும் போட்டுவிட்டால் இரண்டு மாதிரிகளும் டேட்டாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். எது முந்தியது என்று மென்பொருளால் சொல்ல முடியாது. ஒரே நாளில் ஒரே ஃபார்மில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 'வழியாக' என்று எழுதுவது ஆசையே தவிர ஆதாரமில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று முறை அளக்க முடிந்தால் செய்யுங்கள். முடியாதென்றால் மீடியேஷனைச் செய்துவிட்டு, காரணம் பற்றிய வாக்கியங்களை அடக்கி எழுதுங்கள். கைடோடு சண்டை வேண்டாம்.

ஷாப்பிரோ-வில்க் 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. நான்-பாராமெட்ரிக்குக்குப் போகவா?

அவசரம் வேண்டாம். ஷாப்பிரோ-வில்க் என்பது டேட்டா நார்மலாக, அதாவது மணி வடிவில், பரவியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். நார்மலாக இருக்க வேண்டியது எச்சங்கள் (சமன்பாடு கணித்ததற்கும் நிஜ மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்கள்), மூல மதிப்பெண்கள் அல்ல. 500 பேர் இருந்தால் அற்ப விலகலுக்கும் அந்த டெஸ்ட் கத்தும். எச்சங்களை நார்மல் பரவலோடு ஒப்பிடும் க்யூ-க்யூ படம் போட்டுக் கண்ணால் பாருங்கள்.

பி மதிப்பு 0.06. என்ன செய்வது?

0.06 என்று எழுதுங்கள். நான்கு பேரை 'அவுட்லையர்' என்று நீக்கிப் பார்ப்பது, இன்னும் இருபது பேரிடம் வாங்குவது, துணை அளவுகளைத் தனித்தனியாகச் சோதிப்பது எல்லாம் மனதில் ஓடும், தெரியும். 20 தனித்தனிச் சோதனைகள் போட்டால், எதிலும் உண்மை இல்லாதபோதும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64% வாய்ப்பு. சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் 2011-இல் இதைக் கிண்டலாகவே நிரூபித்தார்கள்: ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஒன்றரை வருடம் போலக் குறைந்துவிட்டது என்று, 'முறைப்படி' ஆய்வு செய்து காட்டினார்கள். நான்கு சாதாரணச் சலுகைகளை ஒருசேர எடுத்துக்கொண்டால் பொய்யான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61 ஆகிறது என்றும் கணக்கிட்டார்கள். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, மூலத்தில் 97% சிக்னிஃபிகன்ட் ஆக இருந்தவற்றில் மறுபடி தேறியது 36%.

டேட்டா எடுக்கும் முன்பே, என்ன சோதனை, யாரை நீக்குவோம் என்பதை எழுதி ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் பதிந்துவிடுங்கள். வைவாவில் அது உங்களுக்குக் கவசம்.

பேயீசியன் கற்க வேண்டுமா?

முன்பே தெரிந்ததையும் டேட்டாவையும் சேர்த்து நிகழ்தகவாக முடிவு சொல்லும் முறை அது. ரிக்ரஷனும் மல்டிலெவலும் கைவந்த பிறகு கற்கலாம். வித்தியாசம் இல்லை என்பதற்கான ஆதாரத்தை எடைபோட வேண்டிய ஆய்வு என்றால் முன்பே.

அனாலிசிஸ் செய்து தரும் சென்டரில் கொடுத்துவிடலாமா?

பல்கலைக்கழக வாசலிலேயே போர்டு தொங்குகிறது, தெரியும். பணம் கொடுத்தால் ஐம்பது அட்டவணை வரும். ஒவ்வொன்றின் கீழும் 'கருதுகோள் ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி. வைவாவில் "இந்த டிகிரி ஆஃப் ஃப்ரீடம் ஏன் 197" என்று ஒரு கேள்வி வந்தால் அந்த சென்டர்காரர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஆர் கட்டளை எழுதச் சொல்வது அதைவிடப் பரவாயில்லை. வரும் ஒவ்வொரு வரியையும், விடை முன்பே தெரிந்த போலி டேட்டாவில் ஓட்டிச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

தனியாகப் பயிற்சி எடுக்க எங்கே டேட்டா கிடைக்கும்?

மேலே சொன்ன அதே ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில், வெளிவந்த கட்டுரைகளின் மூல டேட்டா ஏராளமாக இருக்கிறது. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒன்றை இறக்கி, கட்டுரையின் அட்டவணையை நீங்களே உருவாக்கிப் பாருங்கள். எண் ஒத்து வராவிட்டால் முதலில் திருப்ப வேண்டிய கேள்விகள், பிறகு விடுபட்ட பதில்களை எப்படிக் கையாண்டார்கள் என்பது, பிறகு நீக்கப்பட்ட ஆட்கள் என்று வரிசையாகத் தேடுங்கள். இரண்டு கட்டுரையை இப்படி உடைத்துப் பார்ப்பது ஒரு வொர்க்‌ஷாப் சான்றிதழைவிட அதிகம் கற்றுத்தரும்.

சில சமயம் தவறு கட்டுரையிலேயே இருக்கும். 'ஸ்டாட்செக்' என்ற இலவசக் கருவி, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணியில் எழுதிய டி, எஃப் மதிப்புகளிலிருந்து பி மதிப்பைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடும். 2016-இல் வெளியான ஆய்வொன்றில் அதை எட்டு உளவியல் இதழ்களில் ஓட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிக் கட்டுரைகளில் ஒரு முரணாவது இருந்தது; எட்டில் ஒன்றில் அந்த முரண் முடிவையே மாற்றக்கூடிய அளவுக்கு இருந்தது. உங்கள் ஆய்வேட்டையும் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அதில் ஒரு தரம் ஓட்டிவிடுங்கள்.